கடலுக்கும் ஒரு தோம்பு வேண்டும்

(வடமராட்சியில் கடற்றொழிலாளரும் கமக்காரரும் ஒருங்கு கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

      

கடலை அளந்து எழுதும் கணக்கே இன்றைய கூட்டத்தின் பொருள். அழைப்பிதழைக் கையில் வாங்கிய கமக்காரப் பெரியவர் ஒருவர், "தம்பி, இது கடலுக்குப் போகிற ஆக்களோடு பேசவேண்டிய காரியம், வெங்காயம் வைக்கிறவனுக்கு இதில் என்ன அலுவல்?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் உண்டு. ஆகவே அவருக்குரிய விடையோடு தொடங்குவதே முறையாகும்.

எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழைதான் எமது செல்வம். அம்மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தின் கீழே தங்குகின்றது. தங்கும் இடத்திலோ ஏற்கெனவே கடல்நீர் புகுந்து கிடக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாகையால் அது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இதற்கு நிலநூலார் ஒரு கணக்குச் சொல்வர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பதே அது. இதனை மறுதலையாக எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தைப் பூட்டி இறைத்து மேலேயுள்ள ஓரடியை நாம் இல்லாமற் செய்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவர வழி திறந்துவிடுகின்றது! சுண்ணக்கல்லிலே குகையும் வெடிப்பும் மலிந்திருப்பதனால் இக்கணக்கு எல்லா ஊருக்கும் நூல் பிடித்தாற்போலப் பொருந்தாது. ஆனால் போக்கு இதுவே. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் நிற்பதை அறியாதார் இம்மண்டபத்தில் இரார்.

"கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி" என்றோமே, அந்தக் கடல் மட்டம் எது? அது ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதன்று. எமது கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. ஆயினும் சோளகம் வீசும் காலத்து மட்டம் ஒன்று. வாடை வீசும் காலத்து மட்டம் வேறொன்று. புயல் வந்தால் இன்னொன்று. உலகம் வெப்பமுற்று வருவதனால் ஆண்டுக்கு ஆண்டு சில மில்லிமீற்றராக உயரும் ஏற்றமும் இவற்றோடு சேர்கின்றது. நிலம் தாழ்ந்த ஊர்களிலே கடல் உயர உயர நன்னீர் நிற்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். எனவே கிணற்றின் மட்டத்தை மாத்திரம் எழுதுகிறவர் கணக்கின் ஒரு பக்கத்தையே எழுதுகின்றார். மற்றப் பக்கம் கடலில் இருக்கின்றது. செலவை எழுதி வரவை எழுதாத ஒருவரைச் சங்கக்கடைக்கு மனேச்சராக நாம் வைத்திருப்போமா?

ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் ஆண்ட காலத்தில் காணிகளுக்குத் தோம்பு எழுதினார்கள். காணியின் பெயர் என்ன, பரப்பு எவ்வளவு, உடையவர் யார் என்று ஊர் ஊராக எழுதிவைத்தார்கள். எமது நன்மையை நாடி எழுதினார்களா? இல்லை, வரி தண்டுவதற்காக எழுதினார்கள். ஆயினும் எழுதியது எழுத்தாய் நின்றது. பின்னர் வந்த ஆங்கிலேயர் காலத்திலே நீதிமன்றங்கள் அத்தோம்பையே சான்றாக ஏற்றுக்கொண்டன. வரிக்காரன் எழுதிய ஏடு குடியானவனின் உரிமைக்குக் காவலாய் வந்த விந்தையைச் சட்டம் படித்தோர் நன்கறிவர். நிலத்துக்கு அவ்வாறொரு ஏடு இருந்தது. நிலத்திலும் எத்தனையோ மடங்கு பெரிதாய் எம்மைச் சூழ்ந்து கிடக்கும் கடலுக்கு, ஊரவர் எடுத்துப் பார்க்கத்தக்க ஏடு எங்கே?

அளப்பவர் இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1981 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த நாரா நிறுவனம் கடலை ஆராய்கின்றது. வளிமண்டலவியல் திணைக்களம் காற்றையும் மழையையும் அளக்கின்றது. கடற்படை ஆழம் பார்க்கின்றது. கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை மாசு பார்க்கின்றது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நீரின் உப்பைப் பார்க்கின்றது. பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் களப்புகளை ஆராய்ந்து ஏடுகள் எழுதுகின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பேரேடு. ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒவ்வொரு பூட்டு! ஒரே கடலை அறுவர் அளக்கின்றார்கள். ஒருவர் அளந்தது மற்றவருக்குத் தெரிய ஒரு கடிதம், ஓர் அனுமதி, ஒரு கட்டணம் என்று காலம் கழிகின்றது.

உலகத்தின் கணக்கில் நாம் எங்கே நிற்கின்றோம் என்பதையும் பார்ப்போம். கடல் மட்டத்தை அளந்து உலகுக்கு அறிவிக்கும் நிலையங்களின் வரிசையிலே இலங்கையின் பெயரால் நெடுங்காலமாகப் பேசப்படுபவை கொழும்பு, திருகோணமலை, கிரிந்த என்பனவாம். நல்ல நிலையங்கள்தான். ஆனால் பாக்கு நீரிணை அம்மூன்றுக்கும் புறம்பானது. இதுவோ ஆழமற்ற கடல். ஆழமான கடலில் பரவிப் போகும் நீர், ஆழமற்ற கடலில் புயற்காற்றினால் ஒதுக்கப்பட்டால் குவிந்தெழும். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு எழுந்த புயலில் அக்கரையிலே தனுஷ்கோடிப் பட்டினம் அழிந்தது. பிரயாணிகளோடு வந்த புகைவண்டி அலையில் அள்ளுண்டு போயிற்று. இக்கரையில் மன்னாரும் குடாநாடும் பட்ட பாட்டை மூத்தோர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். திருகோணமலையின் ஆழ்கடல் மட்டத்தைக் கொண்டு காரைநகருக்கும் நெடுந்தீவுக்கும் தீர்ப்புச் சொல்வது, அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலளந்து எம் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும்.

பெருங்கடலிலே ஆர்கோ என்னும் மிதவைகள் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. அவை 2,000 மீற்றர் ஆழம்வரை தாமே இறங்கி, தாமே ஏறி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செய்மதிக்குச் சொல்கின்றன. பல நாடுகள் பணம் போட்டு மிதக்கவிட்ட அம்மிதவைகள் சொல்வதை 24 மணி நேரத்துக்குள் உலகத்தில் எவரும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே எண்ணித் துணிந்த நற்காரியம் இது. ஆனால் ஆழ்கடலுக்கென்று செய்த மிதவை பாக்கு நீரிணைக்குள் வந்தால் தரைதட்டி நின்றுவிடும். கடல் மட்டத்தை மேலேயிருந்து அளக்கும் செய்மதிக்கும் கரையை அண்மியவுடன் கண் மங்குகின்றது. நிலத்தின் எதிரொலி நீரின் எதிரொலியோடு கலந்துவிடுகின்றது. உலகம் இலவசமாக அளந்து தருவது எமது வாசலுக்கு அப்பாலே நின்றுவிடுகின்றது. வாசலை நாமே அளக்கவேண்டும். அளந்ததை நாமே பேணவேண்டும்.

செய்தி இருந்தது, முகவரி இல்லை

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள். சுமாத்திராவின் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது கொழும்பு மணிக்கூட்டில் காலை 6.58. அலை எமது கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவிலிருந்த எச்சரிக்கை நிலையம் அதிர்வை அறிந்து கால் மணி நேரத்தில் அறிக்கையும் விடுத்தது. யாருக்கு? பசிபிக் கரை நாடுகளுக்கு! இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பும் இல்லை; யாரைத் தட்டி எழுப்புவது என்ற பெயர்ப்பட்டியலும் இல்லை. இரண்டு மணி நேரம் இருந்தது. மணற்காட்டிலிருந்து மருதங்கேணி வரைக்கும், முல்லைத்தீவு வரைக்கும் ஓடித் தப்பப் போதுமான நேரம். இத்தீவிலே முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதே நாளில் புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையத்தை அமைத்து, கோயில்தோறும் கேட்பதுபோல ஓர் ஒலிபெருக்கியையும் பூட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியிலே செய்தி கண்டு, தொலைபேசியில் வீட்டாரை அழைத்தார். செய்தி மையத்துக்குப் போயிற்று, ஒலிபெருக்கி அலறிற்று, ஊர் எழுந்து ஓடிற்று. வீடுகள் போயின, மக்கள் தப்பினார்கள்.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது தொலைபேசி அழைப்பை அன்று. அவ்வொலிபெருக்கி அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்திறந்திருந்தால் எவர் நம்பியிருப்பார்? 1998 இல் தொடங்கிய அத்திட்டத்தின் கீழ், வீராம்பட்டினம் முதலான ஊர்களிலே, அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்து வெளியிட்ட அலை உயரத்தை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் நாள்தோறும் சொல்லிவந்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய கடற்படையின் கணக்கு ஒரு குப்பத்து மீனவரின் காதிலே அவர் தாய்மொழியில் காலைதோறும் விழுந்தது! சொன்னபடி அலை இருந்ததா என்று அவர்கள் கடலிலே பார்த்தார்கள், நம்பிக்கை வளர்ந்தது. பெருநாளில் ஓடச் சொன்னபோது ஓடினார்கள். நாளாந்தம் பகிரப்படாத கணக்கு ஆபத்து நாளில் எடுபடாது.

2017 ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் குமரிக் கரையிலே கற்பித்ததும் இதன் மறுபக்கமே. நிலையங்களில் எச்சரிக்கை இருந்தது. பல நாட்களுக்கென ஆழ்கடல் சென்ற வள்ளங்களிலே அதனைக் கேட்கும் கருவி இல்லை. அதன் பின்னரே, தொலைபேசி எட்டாத கடலிலும் செய்மதி மூலம் செய்தி தரும் சிறு கருவியை 2019 இல் இந்தியா வெளியிட்டது. அச்செய்திகளை அனுப்புவது ஐதராபாத்திலுள்ள தேசியப் பெருங்கடல் தகவற் சேவை நிலையம். அந்நிலையமே இந்து சமுத்திர நாடுகள் அனைத்துக்கும் ஆழிப்பேரலைச் செய்தி தரும் பொறுப்பை அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளோடு 2011 முதல் ஏற்றிருக்கின்றது. எல்லைக்கோடு 1974 இலும் 1976 இலும் தாளில் வரையப்பட்டது. அலைக்கு அக்கோடு தெரியாது. இராமேசுவரத்தான் அளந்த அலை இரண்டு மணியில் எமக்கு வரும். நெடுந்தீவான் அளந்த அலை அவனுக்குப் போகும். மீனுக்காக நாம் அவர்களோடு வழக்காடுவோம், அது வேறு வழக்கு. அலைக்கணக்கில் வழக்காட ஒன்றுமில்லை.

சான்று இல்லாத வழக்கு

இனி எமது தொழிலின் கண்கொண்டு ஒரு சொல்.

2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்து ஜூன் 2 ஆம் நாள் தாழ்ந்தது. பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அக்கப்பற்காரர் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டுமென 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கேரளக் கரைக்கு வெளியே வேறொரு கப்பல் தாழ்ந்தது. ஜூனில் மன்னார் முதலான எமது வடகரையிலே பிளாஸ்ரிக் மணிகள் வந்து ஒதுங்கின. நாளை இக்கரையின் கடற்றொழிலாளர் ஒருவர் நட்டஈடு கேட்டு மன்றேறுவாராயின், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேட்கப்போகும் முதற் கேள்வி யாது? "முன்னர் இக்கடல் எவ்வாறிருந்தது? அதற்குச் சான்று எங்கே?" என்பதே. கெட்டது என்று நிறுவ, கெடுமுன் இருந்ததை நிறுவவேண்டும். கெட்ட பின்னர் அளக்கத் தொடங்குகிறவன் வழக்கில் பாதியை வாசலிலே விட்டுவிட்டு மன்றுக்குள் நுழைகின்றான்.

தொலைவுக்குப் போகவேண்டாம். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததென்ற வழக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நீரை ஆராய்ந்தோரின் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றன. ஓர் ஏடு எண்ணெய் உண்டு என்றது. மற்றோர் ஏடு அஞ்சவேண்டாம் என்றது. தாய்மார் எதை நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பது? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கொம்பனி இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டுமெனத் தீர்த்தது. வழக்குத் தீர்ந்தது, மக்கள் மனத்திலிருந்த ஐயம் தீர்ந்ததா? எந்தக் கிணற்றில், எந்த நாளில், எந்த முறையால், யார் அளந்தார் என்ற ஏடு தொடக்கத்திலேயே எல்லார் கையிலும் இருந்திருந்தால், ஐயத்துக்கு அவ்வளவு இடம் இருந்திராது.

இன்று அதே நிலையில் தாழையடி நிற்கின்றது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அவர்கள் வயலும் வயிறுமாய் நின்று சொன்ன நியாயத்தை நாம் குறைகூறோம். அதன் விளைவாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கிலே எழுந்தது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல அந்நிலையம் 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. நன்னீரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உவர்நீர் கடலுக்கே திரும்புகின்றது. மீன்வளம் கெடும் என்பது அக்கரைத் தொழிலாளரின் அச்சம். கெடாது என்பது பொறியியலாளர் வாக்கு. நாம் இருவரையும் நம்புகின்றோம். இருவரையும் நம்பவேண்டியதில்லை என்றும் சொல்கின்றோம்! குழாய் வாயிலிலும், அதிலிருந்து நூறு பாகத் தொலைவிலும், ஆயிரம் பாகத் தொலைவிலும் உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அளந்து, மாதந்தோறும் தாழையடிச் சங்க மண்டபத்துச் சுவரில் தமிழில் ஒட்டிவிட்டால், வாய்ச்சண்டைக்கு அங்கே வேலையிராது. அளவு நல்லதாயிருந்தால் சபைக்கு நற்பெயர். தீயதாயிருந்தால் திருத்தக் காலம் உண்டு.

எந்த மணிக்கூடு?

அளவு என்றவுடன் ஓர் எண் என்று எண்ணிவிடாதீர்கள். தனியே நிற்கும் எண் அநாதை. இடம், நேரம், கருவி, அளந்தவர் பெயர் ஆகிய நாலும் உடன் நின்றாலே அதற்குக் குலங்கோத்திரம் உண்டு. உறுதி எழுதும் நொத்தாரிசு எல்லையும் சாட்சியும் எழுதாமல் ஒப்பம் வைப்பாரா?

நேரத்தை எடுத்துக்கொள்வோம். இதிலென்ன சங்கடம் என்பீர்கள். இலங்கை 1996 மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்தள்ளிற்று. 2006 ஏப்ரலில் மறுபடியும் பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. அக்காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதியிலே பழைய நேரமே வழங்கிற்று. எனவே அந்த டிசம்பர்க் காலையில் நிலம் அதிர்ந்த அதே கணத்தில் யாழ்ப்பாணத்து மணிக்கூடு 6.58 காட்டியது, கிளிநொச்சியிலும் இராமேசுவரத்திலும் 6.28. இம்மூன்று ஊராரும் அலை வந்த நேரத்தை எழுதியிருந்து, எந்த மணிக்கூட்டினால் எழுதினோம் என்று எழுதாதிருந்தால், அரை மணி நேரப் பிழையோடு அலையின் வேகத்தைக் கணிக்கப் புகுவோம். உலகத்தார் அனைவரும் கிறினிச் நேரத்தையும் சேர்த்து எழுதுவது இதனாலேதான்.

மட்டமும் அவ்வாறே. எந்தக் கல்லிலிருந்து அளந்தது என்பது தெரியவேண்டும். துறைமுகத்தைத் திருத்தும்போது கல்லைப் பெயர்த்துவிட்டு, அளவை மட்டும் தொடர்ந்து எழுதினால், கடல் ஒரே நாளில் அரையடி ஏறியதாகப் பின்வருவோர் நினைப்பார்கள். பிழையான அளவைக் கண்டால் அழிக்கவும் கூடாது. பழையது பழையதாய் நிற்க, திருத்தத்தை அருகில் எழுதி, திருத்தியவர் ஒப்பமும் நாளும் இடவேண்டும். மன்றப் பதிவேட்டில் அழித்தெழுத எவருக்கும் உரிமையில்லை என்ற விதி கடலுக்கும் ஆகும்.

பூட்டின் நியாயங்கள்

எண்களைத் திறந்துவிடக் கூடாதென்பாரின் நியாயங்களையும் கேட்போம். பாதுகாப்பு என்பது முதலாவது. கடற்கரை அளவுகளை வெளியிட்டால் நாட்டுக்கு ஆபத்தாம்! கடலின் ஆழத்தை எழுதிய படங்களை ஆங்கிலேயர் இருநூறு ஆண்டுகளாகக் கடைகளில் விற்றுவருகின்றார்கள். 2022 இலும் 2023 இலும் பிற அரசின் ஆராய்ச்சிக் கப்பல்கள் எமது தீவுக்கு வந்தபோது கொழும்பும் டில்லியும் கொதித்தன. 2024 இல் ஓராண்டுக்கு அத்தகைய கப்பல்களுக்குத் தடையும் விதிக்கப்பட்டது. அப்பெரிய ஆரவாரத்தின் நடுவே, "அளந்ததன் பிரதி ஒன்று பருத்தித்துறைக்குத் தாருங்கள்" என்று கேட்ட அமைச்சர் எவரும் எம் கண்ணிற் படவில்லை. இலங்கை 1994 இல் ஏற்று உறுதிசெய்த சர்வதேசக் கடற் சட்ட உடன்படிக்கையின் 244 ஆம் உறுப்புரை, கடல் ஆராய்ச்சியால் வரும் அறிவை வெளியிட்டுப் பரப்புவது அரசுகளின் கடமை என்கின்றது. காற்றும் அலையும் மட்டமும் எந்த அரசின் இரகசியமும் அல்ல.

இரண்டாவது நியாயம் எமது கடற்றொழிலாளருடையது. அதற்கு நாம் தலைவணங்குகின்றோம். "மீன் நிற்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், இழுவைப்படகுக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவானே" என்கின்றார்கள். 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தும் கடலில் நிகழ்வது உங்களுக்குத் தெரியும். ஆகவே பிரித்துச் சொல்கின்றோம். அலை, காற்று, மட்டம், உப்பு, வெப்பம் ஆகியன எல்லாருக்கும் உரியன. அளந்த மணியிலேயே திறந்து வைக்கவேண்டும். மீன்பாடு எங்கே என்பது உழைத்து அறிந்தவரின் சொத்து. அது சங்கத்தின் பெட்டியில் இருக்கட்டும். எப்போது, யாருக்கு, எவ்வளவு என்பதைச் சங்கமே தீர்மானிக்கட்டும். பகிர்வு என்பது பறிப்பு ஆகிவிடக் கூடாது.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதனை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அதுதான் மொழி. 1987, 1988 ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களின் வழியாகத் தமிழ் அரசகரும மொழியாகி நெடுங்காலமாயிற்று. 2025 நவம்பரில் டித்வாப் புயல் இத்தீவைச் சூறையாடி அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு பலராலும் எழுப்பப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையிலிருந்து தமிழில் வரும் வானிலைக் குறிப்புகளை மாரிகாலத்தில் ஊரே காத்திருந்து படிக்கின்றதென்றால், அது அத்துறைக்குப் பெருமை. அரசுக்கு அது பெருமையாகுமா? புயல் வரும் இரவிலே மொழிபெயர்ப்பாளரைத் தேடும் திணைக்களம் கடமை செய்த திணைக்களமன்று.

இனிச் செய்யவேண்டியது

சட்டம் எமது கையில் இருக்கின்றது. 2015 இன் பத்தொன்பதாந் திருத்தத்தினால் தகவல் பெறும் உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாயிற்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. பிரசை எவரும் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கின்றாய் என்று அலுவலர் கேட்கக் கூடாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவுசொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. பாதுகாப்பு என்று சொல்லி மறைத்தாலும், வெளியிடுவதில் பொதுநலம் மிகுந்திருப்பின் மறுக்கலாகாது என்று 5 ஆம் பிரிவே சொல்கின்றது.

ஆனால் இச்சட்டம் நேற்றைய கணக்கைக் கேட்கவே போதுமானது. அலை 14 வேலை நாட்கள் காத்திருக்குமா? கேட்டபின் கொடுப்பது ஒன்று. கேளாமலே நாள்தோறும் வைப்பது வேறொன்று. ஆகவே அரசாங்க அதிபரிடம் நாம் வைக்கும் கோரிக்கை இது: வடகரையில் எந்தத் திணைக்களம் எதை அளந்தாலும், அன்றைய அளவு அன்றே, கட்டணமின்றி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓரிடத்தில் வைக்கப்படவேண்டும். அவ்விடத்தை மேற்பார்க்கும் குழுவிலே அலுவலர் மட்டுமன்றிக் கடற்றொழிலாளர் சமாசத்தினரும் கமக்காரர் அமைப்பினரும் பல்கலைக்கழகத்தாரும் இருக்கவேண்டும். காங்கேசன்துறையிலோ மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ நிலையான வற்றுப்பெருக்குமானி ஒன்று நிறுத்தப்பட்டு, அதன் கணக்கு உலக வரிசையிலே சேரவேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கப்போவதில்லை. அளவுகோல் பொறித்த மரமொன்றை இறங்குதுறையிலே நாட்டக் கொழும்பின் அனுமதியா தேவை? காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நீர் எக்கோட்டில் நிற்கின்றது என்று பாடசாலைப் பிள்ளை பார்த்து எழுதலாம். கிணற்று நீரின் உப்பை அறியும் சிறு கருவி ஒருவர் சட்டைப்பைக்குள் அடங்குவது. பத்துத் தோட்டத்துக்கு ஒன்று போதும். வெள்ளிக்கிழமைதோறும் அளந்து, கிணற்றின் பெயரும் நேரமும் அளந்தவர் பெயரும் எழுதுங்கள். இவ்வேட்டை அறிவாளர் எள்ளக்கூடும். மரக்கோலின் அளவு மானியின் அளவாகாதென்பர். உண்மைதான். ஆனால் பத்தாண்டு விடாது எழுதிய மரக்கோலின் ஏட்டுக்கு, நிறுத்தி ஓராண்டில் பழுதான மானியினும் மதிப்பு உண்டு. எமது ஏட்டையும் நாம் பூட்டிவைக்கமாட்டோம்; கேட்கும் திணைக்களத்துக்குப் பிரதி கொடுப்போம். கொடுத்துவிட்டு, அவர்கள் ஏட்டைக் கேட்போம்.

தகவல் கோரும் விண்ணப்பங்கள் தமிழில் எழுதப்பட்டு வாயிலருகே மேசையில் இருக்கின்றன. நாராவுக்கு ஒன்று, நீர் வழங்கல் சபைக்கு ஒன்று, கடல்சார் சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒன்று, வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்து, விளங்காத இடத்தை அங்கே நிற்கும் இளம் சட்டத்தரணிகளிடம் கேட்டு, அதன்பின் ஒப்பமிடுங்கள். உணவு இடைவேளையின் பின் ஒவ்வொரு இறங்குதுறைக்கும் இருவரைத் தெரிவோம்: ஒருவர் கடலுக்குப் போகின்றவர், மற்றவர் கரையிலே தங்குகின்றவர். தோட்டப் பகுதிகளுக்கும் அவ்வாறே. பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் இப்பொழுதே கொடுக்கலாம். ஏடுகள் கோடு போட்டு ஆயத்தமாக இருக்கின்றன.